வாக்கு சுத்தம்

என் அண்ணன் ஸ்ரீபாலன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பருத்தி நூல் கடை வைத்திருக்கிறான். வயது இருபத்தைந்து. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். அவன் விட்டதால்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் பி.ஏ. முடித்தேன். கல்லூரியில் எதையும் ஏன், எதற்கு என்று கேட்கப் பழகினேன். எங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றி மட்டும் யாரிடமும் கேட்கத் துணிந்ததில்லை. சென்ற மாதம்தான் அண்ணனிடம் கேட்டேன். நான் கண்டதும் அவன் சொன்னதும் சேர்ந்ததுதான் இது.

எங்கள் வீடு திருப்பருத்திக்குன்றத்தில். வேகவதி ஆற்றைத் தாண்டினால் பிள்ளையார்பாளையம், தெருவெல்லாம் தறிச் சத்தம். எங்கள் பக்கம் ஜினர் கோயிலும், சில சமணக் குடும்பங்களும், வயலும்தான். அப்பா தர்மதாஸ் வீட்டில் இருந்த காலத்து முகம் எனக்கு நினைவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் நடுவே பிறந்த பையன் அம்மை போட்டு இறந்துவிட்டான். அதன் பிறகு அப்பா யாரோடும் அதிகம் பேசவில்லையாம். மறுவருஷம் ஒரு நாள் கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. "சோலாப்பூர்ல போர்வை வியாபாரம் பண்றாரு" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

தாத்தா சக்கரவர்த்தி நயினார், அப்பாவைப் பெற்றவர், அதை நம்பினார். மகன் இந்தத் தீபாவளிக்கு வருவான், அடுத்த தீபாவளிக்கு வருவான் என்று காத்திருந்தே கண்ணை மூடினார். அண்ணன்தான் கொள்ளி வைத்தான். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பின்னால் வந்த உறவுக்காரர்கள் பேசியது அவன் காதில் விழுந்தது. "பெத்த அப்பன் செத்ததுக்கு வரல. எவளையோ சேத்துக்கினு இருக்கான். இவன்லாம் ஒரு மனுஷனா?" மொட்டைத் தலையோடு முன்னால் நடந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சில வருஷங்களில் அவன் வேலைக்குப் போனான். பட்டுக் கடையில் சேர்ந்தால் சம்பளம் கூடுதல். ஆனால் புழுவைக் கொன்று எடுக்கிற நூலை விற்று வரும் சோறு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் பருத்தி நூல் கடையில் சேர்ந்தான். கடைக்கு வாடிக்கையாக வருகிற பஞ்சாட்சரம் என்ற நெசவாளிக்கு அவனைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"இன்னாடா ஸ்ரீபாலா, சோலாப்பூர் சின்னம்மா சௌக்கியமா? உனக்குத் தம்பி தங்கச்சி எத்தினி பேரு?"

கடையே சிரிக்கும். அண்ணனும் சேர்ந்து சிரித்துவிடுவான். சிரிக்காவிட்டால் இன்னும் கேட்பார்கள்.

1970, மாசி மாதம். அண்ணனுக்குப் பதினாறு வயது. கர்நாடகத்திலிருந்து மூன்று திகம்பர முனிவர்கள் நடந்தே வருகிறார்கள், எங்கள் ஊர்க் கோயிலில் சில நாள் தங்குவார்கள் என்று செய்தி வந்தது. "அம்மணச் சாமியாருங்களாமே! போலீஸ் புடிக்காதா?" என்று கடையில் பேச்சு. "எனக்கின்னா தெரியும்?" என்று அண்ணன் நூல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

அன்று எங்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்ததும் அம்மா எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"வர்ற மூணு பேர்ல ஒருத்தரு உங்க அப்பா."

அண்ணன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

"சோலாப்பூரு?"

"பொய். நான்தான் கட்டிவிட்டேன்."

பையன் இறந்த பிறகு அப்பாவுக்கு வீடு ஒட்டவில்லை. துறவு வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். வீட்டார் சம்மதம் இல்லாமல் குரு தீட்சை கொடுக்க மாட்டார். அம்மா சம்மதித்திருக்கிறாள்.

"ஏம்மா சரின்னு சொன்னே?"

"உடம்பு இங்க இருந்துச்சுப்பா. ஆளு இங்க இல்ல. புடிச்சு வெச்சு இன்னா பண்றது?"

"தாத்தாகிட்ட ஏன் மறைச்சே?"

"சொன்னா போயி இட்டுக்கினு வந்திருப்பாரு. தீட்சை ஆனதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆயிடுச்சுன்னு கர்நாடகப் பக்கம் யாத்திரை போயிட்டு வந்தவரு ஒருத்தரு சொன்னாரு. அதுக்குள்ள பொய்யி பழகிடுச்சு. தாத்தா சாகறப்பகூட சொல்லிடலாம்னு கிட்டப் போனேன். மூஞ்சியப் பாத்ததும் தண்ணி மட்டும் குடுத்துட்டு வந்துட்டேன்."

இத்தனை வருஷம் சொல்லாததை இப்போது ஏன் சொன்னாள் என்பதற்கும் காரணம் இருந்தது. எங்கள் முனிவர்கள் நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, கைகளைச் சேர்த்து அதில் இடுவதை மட்டும் உண்பார்கள். மனதுக்குள் ஓர் அடையாளத்தை நினைத்துக்கொண்டு தெருவில் வருவார்கள். அது எந்த வாசலில் தெரிகிறதோ அங்கே நிற்பார்கள். எங்கும் தெரியாவிட்டால் பட்டினி. வாசலில் நின்று அழைக்கிறவர்கள் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. மனம் சுத்தம், வாக்கு சுத்தம், உடல் சுத்தம், ஆகாரமும் நீரும் சுத்தம். அதைச் சொன்னால்தான் அவர்கள் உள்ளே வருவார்கள்.

"நானும் நிக்கணும்னு இருக்கேன்" என்றாள் அம்மா. "வாக்கு சுத்தம்னு எந்த வாயால சொல்லுவேன்? அதான் மொதல்ல உங்ககிட்ட சொல்லிட்டேன்."

"நான் நிக்க மாட்டேன்" என்றான் அண்ணன். "மனசு சுத்தம்னு நான் சொன்னா அதுவும் பொய்யி. இந்த வீட்டுக்கு உன் பொய்யி ஒண்ணு போதும்."

அம்மா முகம் சுண்டிப்போனது. "நீ நிக்கலன்னா நானும் நிக்கல" என்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

இன்னொரு விதியும் உண்டு. உண்ணும்போது அழுகைச் சத்தம் காதில் விழுந்தால் முனிவர் கையைப் பிரித்துவிடுவார். மறுநாள்வரை ஒரு வாய்த் தண்ணீரும் கிடையாது. அண்ணன் அதை நினைத்துக்கொண்டே இருந்தானாம். 'அப்பா' என்று ஒரு தடவை கத்தி அழுதால் போதும். எங்களுக்கு அவர் செய்ததற்கு ஒரு நாளாவது பட்டினி கிடக்கட்டும். அப்படி நினைக்கிற மனதை வைத்துக்கொண்டு எதைச் சுத்தம் என்பது?

மறுநாள் முனிவர்கள் பிள்ளையார்பாளையம் வழியாகத்தான் வந்தார்கள். கையில் மயில்பீலியும் கமண்டலமும் தவிர எதுவும் இல்லை. பின்னால் ஒரு கூட்டம் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, இன்னொரு கூட்டம் கும்பிட்டுக்கொண்டு. கடையில் எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். அண்ணன் மட்டும் உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"வெளிய வாடா, உங்க சாமிங்க!" என்றார் பஞ்சாட்சரம்.

"வேலை இருக்குது."

"நடுவுல போறவரு நடையப் பாத்தா எனக்குத் தெரிஞ்ச ஆளாட்டம் இருக்குதேடா."

அண்ணன் கையிலிருந்த நூல் சிக்கிக்கொண்டது. அதைப் பிரிக்க வெகுநேரம் ஆனதாகச் சொன்னான்.

மறுநாள் எங்கள் தெருவில் மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். கதவுக்கு வெளியே காலடிகள் போனது கேட்டது. அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பிற்பகல் அண்ணன் கோயிலுக்குப் போனான். மண்டபத்தில், நடுவில் நடந்து வந்த முனிவரைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போகும்வரை தூணோரம் நின்றான். பிறகு எதிரே போய் நின்றான். வணங்கவில்லை.

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுது, ஸ்ரீபாலா."

பெயர் அப்படிச் சட்டென்று வரும் என்று அண்ணன் எதிர்பார்க்கவில்லை. கேட்க வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய் ஒன்றுதான் வாயில் வந்தது.

"தாத்தா போயிட்டாரு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "யாரு கொள்ளி வெச்சது?"

"நான்."

"நான் செய்யவேண்டியது அது."

அண்ணன் காத்திருந்தான். பிறவி, கர்மம், பற்று என்று ஏதாவது வரும், வந்தால் சண்டை போடலாம் என்று நின்றிருந்தான். ஒன்றும் வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"வேற எது சொன்னாலும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிறதா ஆயிடும்" என்றார்.

அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. நேரே ஆற்றைத் தாண்டிக் கடைக்குப் போனான். முதலாளி இருந்தார், பஞ்சாட்சரம் இருந்தார், நூல் வாங்க வந்தவர்கள் இருந்தார்கள்.

"நேத்து நடுவுல போனாரே, அவரு எங்க அப்பா" என்றான்.

"தர்மதாஸ் நயினாரா?" என்றார் பஞ்சாட்சரம். "நடையப் பாத்து நெனச்சேன்! சோலாப்பூரு, வியாபாரம்னாங்களே?"

"அங்க போகவேயில்ல. சாமியாராத்தான் போயிருக்காரு. எங்கம்மா சம்மதிச்சுத்தான் போனாரு."

பஞ்சாட்சரம் தோள்துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "இத்தினி வருஷமா வாய்க்கு வந்ததெல்லாம் பேசிக்கினு இருந்தனே. நீ ஏன்டா கம்முனு கேட்டுக்கினு இருந்தே?"

"எனக்கே முந்தாநேத்துதான் தெரியும்."

"அது சரி" என்றார் அவர். "குளிருக்குப் போர்வைகூட இல்லாத மனுஷனைப் போர்வை வியாபாரின்னு சொல்லி வெச்சாங்களே உங்கம்மா!"

முதலில் சிரித்தது அண்ணன்தான். அந்தத் தடவை அவர்களுக்காகச் சிரிக்கவில்லை என்றான்.

வீட்டுக்கு வந்து, "நாளைக்கு நிக்கலாம்மா" என்றான்.

"மனசு?"

"அது இன்னும் வரல. கடையில எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேன்."

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறவுக்காரர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்த் தானே சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வீட்டில் திட்டு பலமாம். "இன்னும் திட்டட்டும், திட்டவேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். அவள் அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில், முனிவர்களோடு வந்த ஒருவர் வந்து நடுவில் இருப்பவர் உப்பை விட்டுவிட்டார் என்று சொல்லிப் போனார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குழம்புல ஒரு கல்லு உப்பு கொறஞ்சா தட்டத் தள்ளி வெச்ச மனுஷன்டா அவரு!"

குளித்து, துவைத்த துணி உடுத்தி, கையில் தேங்காய் வைத்த செம்போடு வாசலில் நின்றோம். அம்மா எங்களிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "யாரும் அழக்கூடாது."

அவர் தெருமுனையில் திரும்பினார். முதல் வீட்டைத் தாண்டினார். அடுத்ததைத் தாண்டினார். எங்கள் வாசலில் நின்றார். என்ன அடையாளம் நினைத்து வந்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

"மனம் சுத்தம்" என்று அம்மா தொடங்கினாள். அடுத்த சொல் வரவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாக்கு சுத்தம்" என்றான் அண்ணன். குரல் உடைந்த வயது, சத்தம் பெரிதாக வந்தது. "உடல் சுத்தம். ஆகாரமும் நீரும் சுத்தம். உள்ளே வரணும்."

வந்தார். பாதத்தைக் கழுவிப் பூசித்தோம். நின்று கைகளைச் சேர்த்தார். அண்ணன் சோறு இட்டான், பருப்பு இட்டான், நெய் விட்டான். அம்மா பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததை நானும் பார்த்தேன். அவர் கையில் அப்போது பாதிச் சோறுதான் இருந்தது.

"அம்மா, மோரு" என்றான் அண்ணன் சாதாரணமாக. அவள் உள்ளே ஓடினாள். கொண்டுவந்ததும், "வெந்நீர் ஆறிடுச்சா பாரு" என்றான். அதற்கும் ஓடினாள். "வாழைப்பழம் உரிச்சுக் குடு." "செம்பு அந்தப் பக்கம் வை." ஒரு நிமிஷம் அவளைச் சும்மா நிற்கவிடவில்லை. அழ நேரம் இல்லாமல் அம்மா உள்ளும் வெளியும் நடந்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, போதும் என்று தானே கையை இறக்கும்வரை, நிதானமாக உண்டார்.

அவர் கோயிலுக்குத் திரும்பிய பிறகுதான் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அண்ணன் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மீந்த சோற்றைத் தட்டில் போட்டு எங்கள் இருவருக்கும் நீட்டினான்.

இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகும் எனக்குக் கேள்வி தீரவில்லை. அந்த மனிதர் செய்தது சரியா? அம்மா சம்மதித்தது சரியா? தாத்தா யாருக்காகக் காத்திருந்து இறந்தார்? அண்ணனிடம் அவன் பங்கை மட்டும் கேட்டேன்.

"மனசு எப்போ சுத்தமாச்சு?"

கடைக்குக் கிளம்பிச் சைக்கிளை வெளியே எடுத்தவன் யோசித்தான்.

"முழுசா இன்னும் ஆவல. ஆனா அன்னிக்கு அவரு கையில நான் போட்டது ஒரு பருக்கைகூட கீழ விழல, சாந்தி. பட்டினி போடணும்னு நெனச்சிக்கினு இருந்தவன் நானு. அது எப்படி விழலைன்னு இப்பவும் எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்குது."