காற்று புகுந்த காது

என் வலது காது மந்தமானதற்குக் காரணம் ஒரு ஸ்கார்ஃப் என்று எங்கள் வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. பூப்போட்ட, சாயம் போன காட்டன் ஸ்கார்ஃப். பிரசவம் ஆன புதிதில் அதை நான் கழற்றி எறிந்தேனாம், அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்ததாம். தீர்ப்பு சொன்னவர் அப்பா. தலையாட்டியது மொத்தச் சொந்தமும்.

பெங்களூரில் பிள்ளை பெற்றவளைப் பாணந்தி என்பார்கள். கன்னடச் சொல்தான், ஆனால் ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவின் தமிழ் வீடுகளிலும் அதுதான் புழக்கம். பாணந்தி என்றால் இரண்டு காதிலும் பஞ்சு, அதற்கு மேல் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய ஸ்கார்ஃப், காலில் சாக்ஸ். ஃபேன் போடக் கூடாது. ஜன்னலைத் திறக்கக் கூடாது. நான் பெற்றதோ கோடையில். மேலே தகர ஷீட் போட்ட வீடு. பெங்களூருக்கு வெயில் தெரியாது என்று சொல்பவர்களை அந்த ஷீட்டுக்கு அடியில் ஒரு மத்தியானம் உட்கார வைக்க வேண்டும். எனக்குத் தலை முழுக்க வேர்க்குரு. ஒருநாள் பஞ்சைப் பிடுங்கி, ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தேன். அந்தக் காற்று பட்ட சுகம் இன்னும் நினைவிருக்கிறது. அதற்காக நான் இதுவரை வருத்தப்பட்டதில்லை, இனிமேலும் படப் போவதில்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பச்ச ஒடம்புடி. காத்து பூந்துடும். நான் பட்டது போதாதா?" என்றாள்.

அம்மா பட்டது எல்லாருக்கும் தெரிந்த கதை. என்னைப் பெற்ற கையோடு குழாயடியில் குளிர்ந்த தண்ணீரில் துணி அலசினாளாம், அன்றிலிருந்து காது கேட்காமல் போனதாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவிடம் எதையும் முகத்துக்கு நேராக நின்றுதான் சொல்ல வேண்டும். அவளோ மிக மெதுவாகத்தான் பேசுவாள். "உங்க அம்மா மாதிரி அடக்கமான பொம்பள இந்தத் தெருவுலயே கெடையாது" என்று பக்கத்து வீடுகளில் சொல்வார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது அவளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுவார். "அவளுக்கு எங்க கேக்கப் போவுது?" என்பது அவர் வாயில் சதா இருக்கும். அம்மா அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துவைப்பாள்.

என் மகள் நடக்கப் பழகியபோது எனக்குச் சந்தேகம் வந்தது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அவள் அழுவது கேட்காது. புரண்டு படுத்தால் கேட்கும். ஓசூர் ரோட்டில், பொம்மனஹள்ளியைத் தாண்டி ஒரு ஆபீஸில் எனக்கு வேலை. வாடிக்கையாளர்கள் போனில் திட்டுவதைப் பொறுமையாகக் கேட்டு, மன்னிப்பும் கேட்க வேண்டும். ஹெட்செட்டை வலது காதிலிருந்து இடதுக்கு மாற்றிக்கொண்டேன். யாருக்கும் தெரியவில்லை. என் மேலதிகாரி, "நீங்க ரொம்ப சாஃப்ட்டா பேசறீங்க, கஸ்டமருக்கு அதுதான் பிடிக்குது" என்று பாராட்டினார். எனக்கு என் குரலே மண்டைக்குள் ஊர்வலம் மாதிரி முழங்கியது. அதனால்தான் குரலை இறக்கினேன். அடக்கமாவது மண்ணாவது.

இதில் பெரிய கொடுமை, பஸ்ஸில் எனக்கு நன்றாகக் கேட்டது. நெரிசலில், எஞ்சின் இரைச்சலில், பக்கத்து சீட்டுக்காரி பேசுவது தெளிவாக விழும். அமைதியான வீட்டுக்குள் நுழைந்தால் பாதிப் பேச்சு விழாது. அப்பா விடுவாரா? "பஸ்ஸுல கேக்குது, ஊட்டுல கேக்கலயாம். வேல சொன்னா மட்டும் செவுடு. சும்மனே நடிக்கிறா" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதைச் சொன்னவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. எங்கள் வீட்டில் காது கேட்கிறவர்களிடம்தான் சங்கு ஊத வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் இடது காதிலும் ஹெட்செட் சத்தத்தை ஏற்ற வேண்டி வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. அதுவும் போனால் வேலை போகும். வேலையைவிட, மகள் அப்போதுதான் கதை கதையாகப் பேசத் தொடங்கியிருந்தாள். அவள் பேச்சு எனக்கு இல்லாமல் போகும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. யாரிடமும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். "நானும் வர்றேன்" என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். துணைக்கு என்று சொன்னாள். டாக்டர் முன்னால் நான் ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவேன் என்ற கவலைதான் அவளுக்கு.

டாக்டர் என் வயதுப் பெண். இரண்டு கால் வைத்த இரும்புக் கவை ஒன்றைத் தட்டி என் வலது காதுக்கு எதிரே பிடித்தார். லேசாக எங்கேயோ கேட்டது. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். மண்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி ரீங்காரம். நான் துள்ளிவிட்டேன். அவர் சிரித்தார். பிறகு பெட்டி போன்ற அறையில் ஹெட்போன் மாட்டிப் பரிசோதனை செய்து, படம் வரைந்து காட்டினார். நடுக்காதில் மூன்று குட்டி எலும்புகள். அதில் கடைசி எலும்பு, அரிசி நொய்யைவிடச் சிறியது, அசைந்து அசைந்து சத்தத்தை உள்ளே தள்ள வேண்டும். எனக்கு அது இறுகி ஒட்டிக்கொண்டுவிட்டது. நரம்பில் குறை இல்லை. பஸ் இரைச்சலில் நன்றாகக் கேட்டதும் இந்த நோயின் குணம்தான். அந்த எலும்பின் மேல்பகுதியை எடுத்துவிட்டு, மெல்லிய பிஸ்டன் ஒன்றைப் பொருத்தினால் கேட்க வாய்ப்பு அதிகம் என்றார். அபூர்வமாகச் சிலருக்கு இருப்பதும் மொத்தமாகப் போய்விடலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"பிரசவத்துல காத்து புகுந்ததால வந்ததா டாக்டர்?" என்று கேட்டேன். என் வாயால் அதைக் கேட்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

"காத்து எப்படிம்மா புகும்? நடுவுல சவ்வு இருக்கே" என்றார். "கர்ப்ப சமயத்துல சிலருக்கு இது வேகம் பிடிக்கலாம்னு சொல்றாங்க. ஆனா விதை ரத்தத்துல இருக்கும். உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் பேச்சு எதுவும் விழாமல், டாக்டரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. குழாயடித் தண்ணீருக்கும் இவள் காதுக்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை வருஷம் தன் மேல் தானே பழி போட்டுக்கொண்டு, அடக்கமானவள் என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

வீட்டில் நான் ஆபரேஷன் என்றதும் அப்பா குதித்தார். "ஒரு காது இருக்குல்ல? அது போதும். இருக்குறதையும் தொலச்சிட்டு வந்து நிக்காத." கணவர் "உன் இஷ்டம்" என்றார். உதவி மாதிரி ஒலிக்கும், ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் அவர்மேல் ஒன்றும் விழாது. அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்டி, பயமா கீது" என்றாள். அவள் சொன்னதுதான் என்னை அசைத்தது. இருந்தாலும் போனேன். என் காது, என் மண்டை, என் இஷ்டம். அந்த வார்த்தையை எனக்கும் சொல்லத் தெரியும்.

மயக்கம் கொடுக்காமல், காதைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப் போகச் செய்துதான் ஆபரேஷன். முகத்தில் துணி. தலையைத் திருப்பிப் படுத்திருந்தேன். இழுப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை. ஒரு கட்டத்தில் படுக்கையோடு சேர்ந்து அறையே சுழன்றது. வாந்தி வருகிற மாதிரி இருந்தது. டாக்டரும் நர்ஸும் கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது மங்கலாகத் தெரிந்தது. அப்பா சொன்னதுதான் நடக்கப் போகிறது என்று நினைத்தேன். அழக் கூடாது, தலை அசையும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சத்தம். டிரேயில் யாரோ கத்தரியை வைத்தார்கள். டிங் என்று, கூர்மையாக, என் வலது பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கம் எனக்கு அப்படி ஒரு சத்தம் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

"கேக்குதாம்மா?" டாக்டர் கிசுகிசுத்தார். கிசுகிசுப்புகூட அந்தக் காதில் விழுந்தது.

"கேக்குது" என்றேன். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அசையாமலே அழுதேன்.

ஆனால் சந்தோஷம் அன்றோடு சரி. உள்ளே மருந்துத் திரியை வைத்து அடைத்துவிட்டார்கள். மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. நாக்கின் ஒரு ஓரத்தில் இரும்பைச் சப்பிய ருசி. எழுந்தால் சுவர் சாய்ந்தது. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டுதான் தும்ம வேண்டும், குழந்தையைத் தூக்கக் கூடாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என் காதையும் அதில் இருந்த பஞ்சையும் பார்த்தார்கள். அப்பாவுக்குக் கொண்டாட்டம். "அப்போ வையின்னா வெக்கல. இப்போ பாரு, பஞ்சு வெச்சிக்கினு கீறா. இருந்ததும் போச்சு" என்றார். அபூர்வமாகச் சிலருக்கு என்று டாக்டர் சொன்னாரே, அந்தச் சிலரில் நானும் ஒருத்தியோ என்று ராப்பகலாக அதே நினைப்பு. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "தும்மல் வருது, தள்ளி உக்காருங்க" என்று அவருக்கு நேராக வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

திரியை எடுத்த அன்றும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் போல உள்ளே குளுகுளுவென்று தண்ணீர் நிறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒருநாள் காலையில் பிளாஸ்டிக் கவரைப் பிரித்தேன். அந்தச் சரசரப்பில் பயந்து கவரைக் கீழே போட்டேன். என் செருப்பு தரையில் இழுபடுவது கேட்டது. குக்கர் விசில் அறைந்தது. தெருவில் ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கினார். காதைப் பொத்திக்கொண்டு அவரை வாயார வைதேன். அப்புறம் மகள் என் வலது பக்கம் வந்து நின்று, தன் பென்சிலிடம் ஏதோ ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம்கூட இல்லை, பென்சிலிடம். முழுசாகக் கேட்டேன். அதற்குப் பிறகு எனக்கு யாருடைய தீர்ப்பும் தேவைப்படவில்லை.

பரிசோதனை முடிவும் நன்றாக வந்தது. அப்பாவிடம் உட்கார்ந்து சொன்னேன்: காற்றும் இல்லை, ஸ்கார்ஃபும் இல்லை, குழாயடியும் இல்லை, எலும்பு, பரம்பரை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அப்பிடின்னா உங்கம்மா குடுத்த சீரு" என்றார். "எங்க பக்கத்துல எவனுக்கும் இல்ல."

அதாவது இவ்வளவு நாள் அம்மாவின் அஜாக்கிரதை. இப்போது அம்மாவின் ரத்தம். குற்றம் மாறியது, குற்றவாளி மாறவில்லை. அம்மாவுக்கு எதிரே போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து, "நாளைக்கு உனக்கு டெஸ்ட்" என்றேன். "இந்த வயசுல எனக்கு இன்னாத்துக்குடி?" என்றாள். "குழாயடித் தண்ணில ஒண்ணும் ஆகலம்மா. உன் தப்பு இல்ல" என்றேன். இரண்டாவது தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள். கேட்காததால் இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மறுநாள் காலை எனக்கு முன்னால் தயாராகி வாசலில் நின்றாள்.

அப்பாவும் கூடவே வந்தார். நாங்கள் ஏமாந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவாம். அம்மாவுக்கும் அதே நோய்தான். நரம்பில் இன்னும் பலம் இருக்கிறது, ஆபரேஷனைப் பிறகு யோசிக்கலாம், முதலில் காதுமெஷின் வைத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். பரிசோதனை அறையில் ஒரு பெண் அம்மாவின் காதுகளில் மெஷினைப் பொருத்தி, கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, "ஆன் பண்றேன்மா" என்றாள். அம்மாவின் கண்கள் விரிந்தன. மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தாள். தன் வளையலை ஆட்டிப் பார்த்தாள்.

அப்பா நாற்காலியில் சாய்ந்து, வழக்கம்போல் குரலைக்கூடத் தணிக்காமல் என்னிடம் சொன்னார்: "இவளுக்கு எதுக்கு இதெல்லாம்? கேட்டு இன்னா பண்ணப் போறா?"

அம்மா திரும்பினாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"பதில் சொல்லப் போறேன்" என்றாள்.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணிடம் சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் சத்தம் வையிம்மா. இவரு முணுமுணுக்கறதும் எனக்கு விழணும்."