கொல்லைக்கு இங்கிலீஷில் என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு சுரேஷ் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். தினமும் விடிகாலை ரயிலைப் பிடித்து இந்தத் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற பிள்ளை. அன்றைக்கு முகத்தில் தூக்கம் இல்லை, ஒரே சிரிப்பு.

"அங்கிள், பேத்தமங்கலா ரோட்ல ஒரு ஃபார்ம் வாங்கிட்டேன்!"

"அடேங்கப்பா! இன்னா போடப்போற? ராகியா, தக்காளியா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல அங்கிள். லான் போட்டாச்சு. ஓரத்துல ஒரு ஊஞ்சல். லீவு நாள்ல போயி ரிலாக்ஸ் பண்ணலாம்." போனில் போட்டோ காட்டினான். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் புல். "கேட்ல ஒரு போர்டு வெக்கணும். ஃபார்ம்னு எல்லாரும்தான் போடறாங்க. தமிழ்ல நம்மளுதா ஒரு வார்த்தை இருக்குமில்ல? நீங்க படிச்சவரு... சொல்லுங்க."

படிச்சவரு! இந்த வயதிலும் அதைக் கேட்டால் எனக்கு எங்கேயாவது எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

நம்மளுதாக ஒரு வார்த்தை இருக்கத்தான் இருக்கிறது. கொல்லை.

மற்ற ஜில்லாக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு அது வீட்டின் பின்பக்கம். எங்கள் வடாற்காட்டுக்காரர்களுக்கு அது மழையை நம்பி விதைக்கிற துண்டு நிலம். தண்ணீர் பாய்ந்தால் கழனி, பாயாவிட்டால் கொல்லை — அவ்வளவுதான். மல்லாட்டை போடுவார்கள்... அதாவது, வேர்க்கடலை. 'எங்க கொல்லை' என்று சொல்ல முடிந்தவனுக்கு ஊரில் ஒரு நிமிர்ந்த நடை வந்துவிடும். என் தாத்தாவும் அந்த வார்த்தையை தினம் சொன்னவர்தான். ஆனால் கடைசிவரை 'அவங்க கொல்லை' என்றுதான் சொன்னார். கூலிக்காரர்.

அப்பா முனுசாமி அந்த ஊரை விட்டு கோலார் தங்கவயலுக்கு வந்தவர். சாம்பியன் ரீப்ஸில் சுரங்க வேலை. குடியிருக்க கம்பெனியின் லைன் வீடு. அந்த வீட்டுச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே, இரண்டு பாய் விரித்தால் முடிந்துபோகிற ஓர் இடம் இருந்தது. அப்பா அதில் மூங்கில் குச்சி நட்டு அவரை ஏற்றினார். பூசணி போட்டார். மிச்ச இடத்தில் மல்லாட்டை.

பெயரும் வைத்துவிட்டார் — 'நம்ம கொல்லை'!

ஷிஃப்ட் முடிந்து கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், மேலே வந்ததும் நேரே அங்கேதான் போவார். பக்கத்து வீட்டு ஏழுமலை மாமா விடமாட்டார், ஜமீன்தாரைக் கூப்பிடுகிற மாதிரி கிண்டலடிப்பார்.

"இன்னா மிட்டாதாரே, கொல்லைல அறுப்பு எப்போ?"

"ஆளுதான் கெடைக்கல. நீ வர்றியா? ரெண்டு வேளை கஞ்சி ஊத்தறேன்."

"கஞ்சி மட்டும்னா வரமாட்டேன். கருவாடு உண்டா?"

லைனே சிரிக்கும். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். எங்கள் லைனில் பி.ஏ. படித்த முதல் ஆள் நான். கம்பெனி இடத்தை 'நம்ம கொல்லை' என்கிறாரே, யாராவது கேட்டால் மானம் போகுமே என்று கூசும்.

அறுபதுகளில் ஒரு நாள். வடக்கேயிருந்து புதிதாக வந்த ஓர் அதிகாரி லைன் வீடுகளைப் பார்வையிட வந்தார். தமிழ் தெரியாது. கூடவே லைன் மேஸ்திரி. அப்பாவும் ஏழுமலை மாமாவும் நானும் வெளியே இருந்தோம்; மனிதர் எங்கள் வீட்டருகே நின்றார். பூசணிப் பூவைப் பார்த்துச் சிரித்தார். "வெரி நைஸ்!" என்றார்.

அப்பா கைகட்டிக்கொண்டு சொன்னார்: "நம்ம கொல்லைங்க, சார்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "கொல்லை? வாட் இஸ் கொல்லை?"

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வீட்டோரமாகச் செடி வைத்தால் கம்பெனி கண்டுகொள்ளாது. கம்பெனி நிலத்தில் பயிர் செய்தால் விடாது. லைனில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

'கார்டன், சார்' என்றால் போதும். அந்த மனிதரே அதைத்தான் எதிர்பார்த்து நின்றார். ஏன் வாயில் வரவில்லை?

கார்டன் என்றால் எனக்கு பங்களா. ரோஜாப் பாத்தி, வெள்ளை நாற்காலி, தண்ணீர் ஊற்ற ஒரு மாலி. சாக்கடையோரம் என் அப்பா போட்ட பூசணியையா அந்தப் பெயரால் சொல்வது? கேட்டால் அந்த அதிகாரி சிரிப்பாரே!

"அக்ரிகல்ச்சுரல் லேண்ட், சார்" என்றேன்.

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "ஆன் கம்பெனி ப்ராப்பர்ட்டி?"

மேஸ்திரி கண்ணால் ஜாடை காட்டினார். பார்த்தேன். ஆனால் படித்தவன் அல்லவா... நிறுத்துவேனா? "யெஸ் சார். ட்ரை கல்டிவேஷன். க்ரவுண்ட்நட்" என்று விளக்கமே கொடுத்தேன்.

அப்பாவுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஏழுமலை மாமாவின் விலாவில் இடித்து, "எம்புள்ள எப்டி பேசறான் பாத்தியா?" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது.

அந்த வாரமே ஆட்கள் வந்தார்கள். கொடியை இழுத்துப் போட்டார்கள். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் காயெல்லாம் வெறும் பால். இன்னும் முற்றவில்லை.

"இன்னா மேஸ்திரி இது? எம்புள்ளதான் அவ்ளோ எடுத்துச் சொன்னானே..." என்றார் அப்பா.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "சொன்னான் முனுசாமி. ரொம்ப நல்லாவே சொன்னான்."

அவர் அதோடு விட்டார்.

அப்பா சாகும்வரை எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொன்னார். "எம்புள்ள எனக்காக இங்கிலீஷ்ல எவ்ளோ வாதாடினான் தெரியுமா? அந்த ஆளுதான் கேக்கல." என்னை வைத்துக்கொண்டே சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

'கொல்லை' என்று மட்டும் அவர் அப்புறம் சொல்லவே இல்லை. அந்த இடத்தைக் குறிப்பிட வேண்டி வந்தால், 'சாக்கடைப் பக்கம்' என்பார்.

பெரிய சொத்துக்குப் பத்திரம் உண்டு, பட்டா உண்டு, வக்கீல் உண்டு. சின்னச் சொத்துக்கு அதன் பெயர்தான் எல்லாம். அதையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் வெறும் மண். பிடுங்க வந்த ஆட்களுக்கு முன்பே நான் பிடுங்கிவிட்டேன்.

சுரேஷ் இன்னும் போனை நீட்டிக்கொண்டிருந்தான். "இன்னா அங்கிள், யோசிக்கிறீங்க? இதுக்கு இன்னா பேரு போடலாம்?"

புல்லைப் பார்த்தேன். ஊஞ்சலைப் பார்த்தேன்.

"இது கார்டன்பா" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, பாருங்கள்!