நான் மூடிய வெடிப்பு

நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்ததற்கு, மாபிள் விளையாட நான் தோண்டிய குழிதான் காரணம் என்று எட்டு வயதில் உறுதியாக நம்பினேன். இன்று பஸ்ஸில், கொழுந்து பறித்துவிட்டு ஏறிய பெண்ணின் இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்குச் சாக்கின் வாடை மூக்கில் ஏறியதும் அந்தப் பயம் திரும்பி வந்தது.

மாதம் தப்பிப் பெய்த மழையில், வட்டவளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீர் மூன்று நாளாகச் செம்மண்ணாக ஓட, குடத்தோடு போன அம்மாதான் மேலே ஏறி அந்த வெடிப்பைக் கண்டாள். நானோ, அடி விழுமே என்று, அவள் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கை அழைத்து வருவதற்குள் மண்ணள்ளிப் போட்டு, மிதித்து, புல்லும் பரப்பி, இன்ஜினியர் கணக்காக மூடிவிட்டேன்.

“வெடிப்பு எங்க? வேலைக்கு வராம இருக்கச் சாட்டா?” என்றார் கண்டாக்கு.

அம்மா கையிலிருந்த கம்பை என் புல்லுக்குள் குத்தினாள். முழுக் கம்பும் உள்ளே போனது.

“பாருங்க ஐயா. பொம்பளைங்க யாரும் இன்னைக்கு பெரட்டுல பேர் குடுக்க வரல. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு போறோம்.”

“அப்ப சம்பளம் கெடையாது.”

“ஆள் இருந்தாத்தானே ஐயா சம்பளம்.”

முணுமுணுத்த ஆண்களையும் பெண்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

நண்பகலில் மலை இறங்கி லயத்தின் பத்துக் காம்பரா வீடுகளையும் மூடியது. உள்ளே ஒருவரும் இருக்கவில்லை.