மேருவில் ஒரு புள்ளி

கன்னையா அங்கிள் மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஓட்டை தேடியவர். கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் "அவுட்" என்று சொல்லித் தூக்கிப் போட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு, பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் நடத்தும் வானம் பார்க்கும் குழுவுக்கு அந்தக் கண்ணோடு வந்து சேர்ந்தார்.

வியாழனுக்கு இப்பால், சிறுகோள் பட்டையின் வெளியோரத்தில் சுற்றும் பெரிய கல் ஒன்று. கரி நிறம், எங்கள் தொலைநோக்கியில் தெரியாது. ஆனால் அது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால் நட்சத்திரம் சில விநாடி மறையும். ஆளுக்கொரு ஊரில் நின்று, மறைந்த நேரத்தையும் திரும்பி வந்த நேரத்தையும் குறித்தால், அவை இரு முனைகளாக ஆளுக்கொரு கோடு. கோடுகளை அடுக்கினால் கல்லின் உருவம்.

"அதுல ஒரு கோடு என்னோடதா இருக்கணும் தம்பி. இத்தனை வருஷம் தூக்கிப் போட்டே காலம் போயிருச்சு லா."

நேரத்தைப் போனில் குரலாகப் பதிய வேண்டும். "அவுட்னு சொல்லட்டா?" என்றார்.

"வேணாம் அங்கிள், தமிழ்லயே சொல்லுங்க. மறைஞ்சா 'போச்சு', வந்தா 'வந்துருச்சு'. சத்தமா சொல்லணும்." எதையும் ஒரு முறையோடு விட எனக்கு மனம் வராது, மூன்று முறை சொன்னேன்.

"சத்தமாவா? சீரியல் பார்க்க விடலைன்னு எங்க வீட்டம்மா ஏசும்."

சனிக்கிழமை, இரவு எட்டு இருபது. நான் காஜாங்கில் நின்றேன், அவர் மேருவில் தன் வீட்டுப் பின்வாசலில். எனக்கு நட்சத்திரம் பதினோரு விநாடி மறைந்தது. அவருடைய பதிவை மறுநாள்தான் கேட்டேன்.

"போச்சு!"

"ஏங்க! என்னாங்க போச்சு?" அவர் மனைவி சீதாலெட்சுமி அக்காவின் குரல். ஓடி வரும் காலடி. பின்வாசல் படியில் ஏதோ விழும் சத்தம். பிறகு அவர் "சீதா, சீதா" என்று கூப்பிடுவது மட்டும். 'வந்துருச்சு' இல்லவே இல்லை.

தொடை எலும்பு முறிந்திருந்தது. ஏற்கெனவே இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அக்கா சிரித்தார். "நட்சத்திரமாம்! நான் மோட்டார் சைக்கிளைத்தான் எவனோ தூக்கிட்டான்னு ஓடியாந்தேன் தம்பி." பத்தொன்பதாம் நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனேன். "உங்களை அவுட்னே சொல்ல விட்டிருக்கணும் அங்கிள்" என்றேன். அவர் வாயில் இருபத்தாறு வருடம் கேட்டுப் பழகிய அந்தச் சொல்லுக்கு அக்கா எழுந்திருக்கவே மாட்டார்.

"நீங்க என்னா பண்ணுவீங்க, விடுங்க" என்றார். அப்புறம் அவராகவே கேட்டார்: "பதிவு பாதிதான் இருக்கு. அனுப்பலாமா?"

"மறைஞ்ச நேரம் மட்டும் இருந்தாலும், படம் போடறவங்க எடுத்துக்குவாங்க. கோடு வராது. ஒரு புள்ளி வரும்."

"அப்போ அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டி அனுப்புங்க. மிச்சம் என்கிட்டயே இருக்கட்டும்."

கல்லின் படம் வந்தது. ஏழு கோடுகள், மேருவுக்கு நேராக விளிம்பில் ஒரு புள்ளி. கையுறையைப் பிடிப்பதுபோல் போனை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மத்தவங்க நேரத்தை வச்சு, நம்ம படத்துல மட்டும் உங்க கோட்டையும் இழுத்துத் தரட்டுமா அங்கிள்?"

"வேணாம் தம்பி. போனதைத்தான் பார்த்தேன். வந்ததை நான் பார்க்கலை."