மலைக்குப் போகாமல் விழும் பேர்

மெரினாக்கா கடைப் பலகையைக் கழற்றும்போதே ஒரு கண் போனில் இருக்கும். வட்டவளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டின் முன்னறைதான் கடை: ரீலோட், சிம், போன் கவர். அவசரமாக யாராவது கூப்பிட்டால், "இருங்க, நம்ம கம்பெனி ஏறுதா எறங்குதான்னு பாத்துக்கிறேன்" என்பார்.

நம்ம கம்பெனி என்றால், எதிர்மலையில் டவர் வைத்திருக்கும் தொலைபேசிக் கம்பெனி. கொழுந்து பறித்து ஓய்ந்தபோது வந்த சேமலாப நிதியில் பாதியை அதில் போட்டிருக்கிறார். "பங்கு வாங்கிட்டேன்" என்றதும் கணவர் கஸ்பர், "பங்குச் சாமியாருக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம். அவருக்குத் தெரிந்த பங்கு மாதா கோயில் பங்கு ஒன்றுதான், பாவம்.

எல்லாம் பழைய கோபம். முன்பு ஆசை ஆசையாக வீட்டுக்கு ஒரு சீடிஎம்ஏ போன் வாங்கினார். போட்டியில் அந்த முறை தோற்றது, போனும் செத்தது. "அப்ப ரெண்டு சாதி போன் இருந்திச்சு தம்பி. எது நிக்கணும்னு நம்மகிட்ட யாரு கேட்டா? இனிமே மாத்துறவன் பக்கமே நின்னுக்கிறேன்."

போன் காப்புரிமையை அவர் விளக்குவதைக் கேட்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலை பதிவானால் ஒரு பேர், ஒரு நாள் சம்பளம். கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர். "போன் செய்றவன் வேற, அது பேசுற மொறையக் கண்டுபிடிச்சவன் வேற. எங்க ஒரு போன் வித்தாலும் கண்டுபிடிச்சவனுக்கு ஒரு பேரு விழுது. கொழுந்து மலைக்கே போகாம, அட்டைக்கடி வாங்காம. நமக்கு நனைஞ்சும் அரைப் பேருதான் போட்டானுங்க." அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

சென்ற வெள்ளிக்கிழமை நான் ரீலோட் போடப் போயிருந்தேன். முதல் நாள் இரவோடு கம்பெனி எங்கள் மலையில் பழைய 2ஜி, 3ஜி அலைகளை நிறுத்தியிருந்தது. செலவு மிச்சம் என்று பங்கு விலை ஏறியது. மெரினாக்கா முகத்தில் கல்யாணக் களை.

லயத்தில் அடுத்த காம்பரா அறையிலிருந்து வேலாயி ஓடிவந்தார், கையில் பழைய பட்டன் போன். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் வினோதா வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேச முடியும். போன வாரம் "என்னையக் கூப்புட்டுக்கம்மா" என்று அழுதவள்.

"சிக்னலே வரல மெரினா. எந்தப் பாவி நிப்பாட்டுனானோ."

மெரினாக்கா தலை நிமிரவில்லை. "நாங்கதான் அக்கா" என்றார்.

வேலாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெரினாக்கா தம் போனிலிருந்து சிம்மை உருவி மேசையில் போட்டார். வேலாயியின் பெரிய சிம்மைக் கத்தரியால் சிறிதாக வெட்டி உள்ளே தள்ளி, போனை அவரிடம் நீட்டினார். "இது ஒங்களுக்குத்தான். வச்சுக்கங்க."

சிறிது நேரத்தில் போன் அடித்தது. பட்டன் இல்லாத போனை எப்படி எடுப்பதென்று தெரியாமல் வேலாயி பதறினார். மெரினாக்கா அவருடைய விரலைப் பிடித்து, பச்சை வட்டத்தின் மேல் வைத்து இழுத்தார்.