எங்கள் தெரு வளைந்த கதை

அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக எங்கள் ஊரை எடுத்துக்கொண்டார்கள். மந்தாரக்குப்பத்துக்கு அப்பால் ஒரு பொட்டலில் மாற்று இடம் கொடுத்தார்கள். நூல் பிடித்தாற்போல நேர்நேரான தெருக்கள். என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலையும் கிடைத்திருந்தது. பொங்கலுக்கு முன்னால் கூரை போட்டுவிடலாம் என்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மனைகளைக் குலுக்கல் போட்டுப் பிரித்தார்கள். யாருக்கு எந்த இடம் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னதும், எங்களோடு இருந்த என் அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் அவர் கையைப் பிடித்து யாரும் நடத்தியதில்லை. விடிந்ததும் செம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, வீடு வீடாகப் பால் கறந்து கொடுப்பார். அதுதான் அவர் பிழைப்பு. பூவரச மரத்தடியில் தெரு இடது பக்கம் வளையும். மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். அதற்கப்புறம் எது யார் வாசல் என்று அவர் காலுக்கே தெரியும்.

"ஆளுக்கொரு மூலையா பூட்டா நான் எந்த வூட்டன்னு தேடுவேன்? இனிமே என்னையும் கன்னுக்குட்டியாட்டம் இழுத்துக்கினு போங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஊர் கூடியபோது இதற்காக முதலில் வாயைத் திறந்தது யார் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி! கோழித் தகராறில் என் முகத்தைக்கூடப் பார்க்காதவள். "அண்ணன் வரலன்னா எம்மாடு யாரையும் கிட்டவே சேக்காது. மனைய மாத்திக்கினா என்னா இப்ப? பழைய வரிசையிலயே இருந்துட்டுப் போவோம்" என்று கோயில் வாசலில் சத்தம் போட்டாள். மெயின் ரோட்டோரம் மனை விழுந்தவருக்கு மட்டும் மனசே வரவில்லை. பாவம், யாருக்குத்தான் வரும்? கடைசியில் அவரும், "அவன் கறந்த பாலக் குடிச்சிதான் எம்புள்ளைங்க வளந்துது" என்று இறங்கிவந்தார். மனை பிரித்துக் கொடுத்த அதிகாரியும் ஒத்துக்கொண்டார்.

பழைய பூவரசின் பருத்த கிளை ஒன்றை வெட்டிவந்து, புதுத் தெருவிலும் அதே வீட்டுக்குப் பக்கத்தில் நட்டோம். எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், ஒன்றை மட்டும் கோட்டைவிட்டோம். முதல் நாள் காலையில் அண்ணன் செம்போடு கிளம்பினார். பூவரசைத் தொட்டார். வழக்கம்போல இடது பக்கம் திரும்பினார். படார்! பக்கத்து வீட்டுக்காரி புதிதாகப் போட்டிருந்த மாட்டுக்கொட்டகையில் போய் மோதிக்கொண்டார். நேர்த் தெருவில் வளைவு ஏது?

நெற்றி வீங்கிவிட்டது. "பரவால்ல, நேரா போவப் பழகிக்கிறேன்" என்றார் அண்ணன்.

"நீங்க எதுக்குண்ணே பழகணும்? கொட்டாயத் தள்ளிப் போட்டா ஆச்சு" என்றாள் அவள். அன்றைக்கே பிரித்தாள். நானும் போய்க் கீற்று தூக்கினேன். அவளைப் பார்த்து அந்தச் சாரியில் எல்லோரும் வேலியைப் பின்னால் தள்ளினார்கள், எதிர்ச் சாரியில் வேலியை முன்னால் நகர்த்தினார்கள்.

ரோடு போட வந்த சர்வேயர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நேரா போட்ட தெரு எப்படிய்யா வளைஞ்சுது?"

"எங்க தெரு எப்பவும் இப்படித்தாங்க" என்றாள் அவள், ஒன்றும் தெரியாதவள் போல. அந்த நேரம் பார்த்து அண்ணன் செம்போடு வந்து, பூவரசைத் தொட்டுத் திரும்பிப் போனார். சர்வேயர் அவர் கண்ணையும் பார்த்தார், மரத்தையும் பார்த்தார். அப்புறம் வளைவிலேயே ஜல்லி கொட்டச் சொன்னார்.

இப்போது அண்ணன் இல்லை. பூவரசு பெரிய மரமாகிவிட்டது. இந்த இடத்தில் மட்டும் தெரு ஏன் கோணலாகப் போகிறது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கோ, அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் எங்கள் ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது என்று தோன்றுவதே இல்லை.