பள்ளிகொண்டா வண்டியில் மாரியக்கா

முத்துமாரி என்ற பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூருக்கு ஷூ கம்பெனிப் பெண்களை ஏற்றிப்போகும் என் வண்டியில் அவள் மாரியக்கா. அறுபதைத் தாண்டியும் அக்காதான். தெரியாத்தனமாக எவளாவது ஆயா என்று கூப்பிட்டால் அன்றைக்கு அக்கா அவளுக்குப் போடும் பின்னல் இறுகும், இழுத்த இழுப்பில் அவள் புருவம் நெற்றிக்கு ஏறும். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சாவுக்கு வந்த பெண்கள் அழுததைவிடச் சிரித்ததுதான் ஜாஸ்தி. ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். என்னிடம் இருப்பது இது.

அக்கா சின்ன வயதில் டேனரியில் தோல் காயப் போட்டவள். ஷூ கம்பெனி வந்ததும் தையல் பிரிவுக்குப் போனாள். புருஷன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். இதற்கெல்லாம் அக்கா முகம் தொங்கி நான் பார்த்ததில்லை.

பின்னல் வேலை ஆரம்பித்தது நிஷாவால். புதிதாகச் சேர்ந்த பெண், அவிழ்ந்த முடியோடு மிஷின் மேல் குனிந்துவிட்டாள். சக்கரம் ஒரு கொத்து முடியைப் பிடுங்கிக்கொண்டது. அதோடு போயிற்று, தலை தப்பியது. மறுநாள் அக்கா சீப்பும் ரிப்பனும் எண்ணெய் பாட்டிலுமாக வண்டி ஏறினாள். விடியும் முன்னே எழுந்து, சோறு வடித்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டிவிட்டு ஓடி வருகிற பெண்களுக்குத் தலை வார நேரம் ஏது? கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். ஆம்பூர் போய்ச் சேருவதற்குள் வண்டி முழுக்கப் பின்னல் போட்டிருக்கும்.

மாதனூரில் உமைமா ஏறுவாள். அவள் முறை வந்தால் பின்னாலிருந்து அக்காவின் சத்தம் வரும்.

"இருதயம், கண்ணாடியத் திருப்பு."

உள்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிடுவேன். அப்புறம்தான் உமைமா முக்காட்டை எடுப்பாள்.

அக்கா ரிட்டயர் ஆனாள். கம்பெனி பிரியாணி போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பியது. மறுநாள் காலையில் அதே ஸ்டாப்பில் அதே பையோடு நிற்கிறாள்.

"இன்னாக்கா, எங்க?"

"ஆம்பூருக்கு."

"ரிட்டயர் ஆயிட்டியே."

"வேலையிலேருந்துதானே ஆனேன். தலைங்க அப்படியேதானே இருக்குது. வண்டிய எடு."

எடுத்தேன். கம்பெனி கேட் வரைக்கும் வருவாள், பின்னி முடிப்பாள், பெண்களுக்கு ஓசியில் விடுகிற டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்புவாள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிற்று. காட்டிக்கொடுத்தது ஒரு வடை.

கேட்டில் செக்யூரிட்டி பச்சையப்பன் ஜன்னல் வழியாகத் தலை எண்ணுவார். அந்தக் கணக்கு கேன்டீனுக்குப் போகும், அதன்படி டீயும் வடையும் வரும். எங்கள் வண்டிக் கணக்கில் மட்டும் தினம் ஒரு வடை மிஞ்சியது. கேன்டீன் அந்தோணி என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"உங்க வண்டில எவளோ ஒருத்தி வடை எடுக்கறதில்லண்ணா. முழுகாம இருக்காளா? யாருன்னு சொல்லு, பால் தர்றேன்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, தெரியாது என்று நழுவினேன். அந்தோணி விடுகிற ஆளில்லை. பச்சையப்பனிடம் போய் நின்றான். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணியதில், மிஞ்சின தலை மாரியக்காவுடையது. பச்சையப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"செண்ட் ஆஃப் பிரியாணி நானே தின்னேன்யா. இருந்தும் கண்ணு அதும்பாட்டுக்கு எண்ணுது, இத்தினி வருசத்துப் பழக்கம்."

பேச்சு ஹெச்.ஆர். தன்சீல் அகமதுவிடம் போயிற்று. வாணியம்பாடிப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர், ஆனால் ரூல் என்றால் ரூல்.

"இருதயராஜ், ரோட்ல ஏதாவது ஆச்சுன்னா வெளியாளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. நாளையிலிருந்து அவங்கள ஏத்தாதீங்க. ஏத்தினா நாங்க வேற வண்டி பார்க்க வேண்டியிருக்கும்."

மறுநாள் ஸ்டாப்பில் அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் கத்துவாள் என்று நினைத்தேன்.

"உன் பொழப்புக்கு எதுக்குடா பேஜாரு. நீ போ" என்று தள்ளி நின்றுகொண்டாள். அன்றைக்குப் பெண்கள் வாராத தலையோடே ஆம்பூர் வந்தார்கள்.

நாங்கள் ஆம்பூர் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினாள். கேட்டுக்கு எதிரே சின்னப் பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். பெண்கள் கேட்டுக்குள் போகாமல் ரோட்டைத் தாண்டி ஓடி வரிசையில் நின்றார்கள். உமைமாவின் முறைக்கு மூன்று பேர் சுற்றி நின்று துப்பட்டாவை விரித்துப் பிடித்தார்கள். சங்கு ஊதிவிட்டது. உள்ளே லைனில் பாதி மிஷின் காலி.

தன்சீல் சார் வேகமாக வெளியே வந்தார். துப்பட்டா மறைப்புக்குள்ளிருந்து அக்காவின் அதட்டல்.

"யாரது, ஆம்பளையா? அந்தாண்ட நில்லு."

"அம்மா, நான் ஹெச்.ஆர்."

"யாரா இருந்தா இன்னா. பொண்ணு தல தொறந்திருக்குது. திரும்பு."

மனுஷன் உடனே திரும்பிக்கொண்டார். ஓடுகிற லாரிகளைப் பார்த்தபடியே பேசினார்.

"லைன் ஓடணும்மா."

"ஓடட்டும். இந்த ஒரு பின்னல்தான்."

"இந்த வயசுல ரோட்ல உட்காரணுமா? வீட்ல ரெஸ்ட் எடுக்கலாமே."

"வீட்ல யாருப்பா இருக்காங்க? நீங்க குடுத்த கடிகாரம் இருக்குது. அதுங்கிட்ட எவ்ளோ நேரம் பேசறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் துப்பட்டா பிடித்த கைகள் கொஞ்சம் தாழ்ந்துவிட்டன. தன்சீல் சார் திரும்பாமலே குரலை இறக்கினார்.

"பொண்ணுங்க வர்ற வண்டில ஒரு லேடி அட்டெண்டர் போடணும்னு ஷூ வாங்கற வெளிநாட்டு பையருங்க கேட்டுட்டே இருக்காங்க. ஆள் தேடிட்டிருக்கோம்" என்றார். "வர்றீங்களா? சம்பளம் கம்மிதான். கார்டு, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு."

"வேலை இன்னா?"

"எல்லாரும் ஏறினாங்களான்னு பார்க்கணும். கதவைத் திறக்கணும், சாத்தணும்."

"ரோசன பண்ணிச் சொல்றேன்."

உமைமாவுக்கு ரிப்பன் கட்டி முடிக்கும் வரைக்கும்தான் யோசனை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டு அக்கா எழுந்தாள்.

"சரி, வர்றேன். கார்டுக்கு போட்டோ மட்டும் நல்லா எடுக்கச் சொல்லு."

கார்டு வந்த அன்றைக்குக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டி ஏறினாள். பெண்கள் விசில் அடித்தார்கள். "கத்தாதீங்கடி, மொதல்ல யாரு, வந்து உட்காரு" என்று நேரே கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

"அக்கா, கதவு" என்றேன்.

"இன்னா கதவு?"

"சாத்தறது உன் வேலை. அதுக்குத்தான் சம்பளம்."

"கையெல்லாம் எண்ணெய்டா இருதயம். நீயே சாத்திடு."

திட்டிக்கொண்டே இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து சாத்தினேன். அன்றிலிருந்து அவள் வந்த கடைசிச் சனிக்கிழமை வரைக்கும் நான்தான் சாத்தினேன். ஒருநாளும் அவள் கையில் எண்ணெய் இல்லாமல் போனதில்லை.